சேணமா, வெறும் முதுகா? மிகுபுனைவில் குதிரையேற்றம் எழுதுவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அல்சூர் ஏரிக்கரையில் ஞாயிறு காலைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி, எழுதிக்கொண்டிருக்கும் கதைகளை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டுகிறோம். பாதிப் பேர் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள். மற்றவர்கள் வேலைக்காக வந்து தங்கியவர்கள். மிகுபுனைவுதான் (ஃபேன்டசி) அங்கே அதிகம் படிக்கப்படுகிறது. அதனால் குதிரைகளும் அதிகம். போன மாதம் ஒரு தம்பி படித்த அத்தியாயத்தில் இந்த வரிகள் வந்தன:

“சேணமற்ற குதிரையின் மேல் ஒரே தாவலில் ஏறினான் இளவரசன். இளவரசியைத் தூக்கிப் பின்னால் அமர்த்தினான். தொடைகளால் குதிரையை இறுகப் பற்றியபடி, காற்றைக் கிழித்துக்கொண்டு விடிய விடியப் பறந்தான்.”

கேட்டவர்கள் எல்லோரும் ரசித்தார்கள். நானும் ரசித்தேன். ஆனால் இந்த மூன்று வரிகளில் குதிரையேற்றம் தெரிந்த ஒருவர் நான்கு இடங்களில் தடுக்கி விழுவார். தம்பியின் சம்மதத்தோடு அந்த வரிகளையே எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் இடமாகச் சரிசெய்யும் விதத்தில் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். வெறும் முதுகில் ஏறுபவன் வீரன், சேணத்தில் அமர்பவன் சொகுசுக்காரன் என்ற கணக்கு நம் கதைகளில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அது தவறான கணக்கு. வெறும் முதுகுச் சவாரி ஒரு பழக்கம். அது யாருடைய உடலுக்கு வாய்த்தது, எப்படி வாய்த்தது என்று கேட்டுக்கொண்டால் பாத்திரமே புதிதாகத் தெரியத் தொடங்கும்.

படி 1: சேணம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சேணம் மனிதனின் வசதிக்காகப் போடும் மெத்தை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதன் முதல் வேலை குதிரைக்கானது. நல்ல சேணத்துக்குள் மரத்தாலான சட்டம் ஒன்று இருக்கும். நடுவில் நீளவாக்கில் ஒரு வாய்க்கால் போன்ற இடைவெளி விடப்பட்டிருக்கும். குதிரையின் முதுகெலும்பு அந்த இடைவெளியின் அடியில் பாரமில்லாமல் கிடக்கும். ஏறியவரின் எடை எலும்புக்கு இருபுறமும் உள்ள தசைகளில் பரவலாக இறங்கும். சேணத்தை எடுத்துவிட்டால், நாம் உட்காரும் இரண்டு எலும்புகளும் நேராகக் குதிரையின் முதுகில் குத்தி நிற்கும். எடை அதேதான், அது இறங்கும் இடம்தான் சிறியதாகிவிடுகிறது. கொஞ்ச தூரத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது. நாள் முழுவதும் என்றால் குதிரையின் முதுகு புண்ணாகும். குதிரை மேல் அன்புள்ளவள் என்பதாலேயே உங்கள் கதாநாயகி நெடும்பயணத்துக்குச் சேணம் கேட்கலாம்.

இரண்டாவது வேலை, ஏறியவருக்கு முன்னும் பின்னும் ஒரு வரம்பு கட்டுவது. மூன்றாவது, ஏறியவர் பாதத்தை நுழைத்துக்கொள்ளும் வளையமான அங்கவடியைத் தொங்கவிட ஓர் இடம் தருவது. இந்த மூன்றும் ஒரே காலத்தில் வந்தவை அல்ல. அடுத்த படியில் அதைப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சேணம் வேறு, கடிவாளம் வேறு. “சேணமில்லாத குதிரை” என்று எழுதிவிட்டு, அதை அடக்கவே வழியில்லாததுபோல் தொடர்கிறவர்கள் உண்டு. சேணம் இல்லாமல் கடிவாளத்தோடு ஏறலாம். கடிவாளம் இல்லாமல் தலைக்கயிற்றோடு மட்டும் ஏறலாம். வட ஆப்பிரிக்காவின் நுமிடியக் குதிரைவீரர்கள் கழுத்தில் ஒரு கயிறும் கையில் ஒரு குச்சியுமாக வெறும் முதுகில் சவாரி செய்து, கார்த்தேஜ் தளபதி ஹனிபலின் படையில் ரோமானியர்களைத் திணறடித்தவர்கள். உங்கள் காட்சியில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை முதல் வரியிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படி 2: உங்கள் உலகத்தில் எதுவரை கண்டுபிடித்திருக்கிறார்கள்?

மிகுபுனைவுதானே, எந்தக் காலத்துப் பொருளையும் வைக்கலாம் என்று தோன்றும். வைக்கலாம். ஆனால் ஒரு பொருள் வந்தால் அதனோடு சேர்ந்து வரும் மற்றவையும் கதைக்குள் வந்தாக வேண்டும்.

நம் பூமியில் நடந்தது இது. மனிதர்கள் மிக நீண்ட காலம் வெறும் முதுகிலோ, முதுகில் விரித்த துணியிலோதான் ஏறினார்கள். அல்தாய் மலைப்பகுதியின் பாசிரிக் புதைமேடுகளில், சுமார் 2300 ஆண்டுகளுக்கு முந்தைய மெத்தைச் சேணங்கள் பனியில் உறைந்து அப்படியே கிடைத்தன. அவற்றில் அங்கவடி இல்லை. ரோமானியர்களின் சேணத்தில் நான்கு மூலைகளிலும் கொம்புபோல் எழும்பிய பிடிப்புகள் இருந்தன. அங்கவடி அதிலும் இல்லை. சீனாவின் சாங்ஷாவில் கி.பி. 302ஆம் ஆண்டுக் கல்லறையில் கிடைத்த சுடுமண் பொம்மையில் ஒரு பக்கம் மட்டும், ஏறுவதற்கு மட்டுமான அங்கவடி தெரிகிறது. நான்ஜிங்கில் கிடைத்த 322ஆம் ஆண்டு பொம்மையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஐரோப்பாவுக்கு அது 6, 7ஆம் நூற்றாண்டுகளில்தான் போய்ச் சேர்ந்தது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. சாஞ்சியிலும் வடமதுரையிலும் உள்ள, சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் பழமையான சிற்பங்களில், குதிரைமேல் இருப்பவரின் கால் ஒரு சிறிய வளையத்தில் நுழைந்திருப்பதைக் காணலாம். கட்டைவிரலை மட்டும் நுழைத்துக்கொள்ளும் கயிற்று வளையமும் அக்காலத்தில் இந்தியாவில் இருந்தது. வெறுங்காலோடு நடமாடும் வெப்பநாட்டு மக்களுக்கு ஏற்ற கண்டுபிடிப்பு அது. குளிர்நாட்டில் கனத்த காலணிக்குள் இருக்கும் விரலால் அதைப் பிடிக்க முடியாது. சங்க காலச் சாயலில் உலகம் படைக்கிறீர்களா? இரும்பு அங்கவடியை விட்டுவிடுங்கள். முதுகில் மடித்த விரிப்பு, அதைக் கட்டிய ஒரு வார், வாரிலிருந்து தொங்கும் விரல் வளையம். இதை நான் இதுவரை எந்தக் கையெழுத்துப் பிரதியிலும் பார்த்ததில்லை.

குதிரை எங்கிருந்து வருகிறது என்பதையும் யோசியுங்கள். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்துக்குக் கடல்வழியே வந்த குதிரைகளைச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் கப்பலில் வந்து இறங்குவதையும், பேணத் தெரிந்தவர்கள் இல்லாததால் அவை விரைவில் மடிவதையும் எழுதியிருக்கிறார். நம் மண்ணில் குதிரை விலை மிகுந்த பொருள். அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய அரசன், சேணத்துக்குக் கணக்குப் பார்க்க மாட்டான்.

அப்படியானால் அந்த நாட்டில் வெறும் முதுகில் ஏறிப் பழகியவர் யார்? லாயத்தில் வேலை செய்கிறவர். அதிகாலையில் நான்கு குதிரைகளை ஆற்றுக்குத் தண்ணீர் காட்ட ஓட்டிப் போகும்போது, ஒன்றின் முதுகில் ஏறிக்கொண்டு மற்றவற்றைக் கயிற்றில் பிடித்துப் போகும் பையன். இளவரசன் சேணத்தில் வளர்ந்தவன்; லாயக்காரர் மகன் வெறும் முதுகில் வளர்ந்தவன். இரவில் தப்பியோட வேண்டிய காட்சியில், சேணம் கைக்குக் கிடைக்காத நேரத்தில், இருவரில் யார் தைரியமாக ஏறுவார்கள்? இந்த ஒரு கேள்வி அந்தத் தம்பியின் அத்தியாயத்தையே திருப்பிப் போட்டது.

நாங்கள் கூடும் அல்சூருக்கே இதில் ஒரு தொடர்பு உண்டு. 1809இல் ஆங்கிலேயரின் படைமுகாம் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பெங்களூருக்கு மாறியபோது, அதனோடு தமிழர்களும் பெருமளவில் வந்தார்கள். அக்காலச் சென்னை மாகாணக் குதிரைப்படையில், குதிரையைப் பேண ஒருவரும் அதற்குப் புல் அறுக்க ஒருவரும் தனியே இருந்தார்கள். ஐந்நூறு குதிரை கொண்ட படை உங்கள் கதையில் நகர்ந்தால், பின்னால் நடந்து வரும் ஆயிரம் பேருக்கும் சோறு வேண்டும்.

படி 3: குதிரையின் முதுகைத் தேர்ந்தெடுங்கள்

நிறத்தைத் தேர்ந்தெடுக்கிறோம், முதுகை விட்டுவிடுகிறோம். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் குதிரைக்கு ஒரு மேடு உண்டு. அதைத் தோள்மேடு என்று வைத்துக்கொள்வோம். பந்தயக் குதிரைகளுக்கு அது உயர்ந்து, கத்தி முனைபோல் ஒடுங்கியிருக்கும். அதன் பின்னால் வெறும் முதுகில் உட்கார்ந்து பாருங்கள். பத்து நிமிடத்தில் இறங்கிவிடுவீர்கள். கொழுத்த மட்டக்குதிரைக்கு முதுகு அகன்று, திண்ணைபோல் இருக்கும். உட்கார இதமானது, ஆனால் பிடிப்பில்லாமல் பக்கவாட்டில் வழுக்கும். பஞ்சத்தில் அடிபட்ட கிழட்டுக் குதிரைக்கு முதுகெலும்பு துருத்தி நிற்கும். அதன்மேல் வெறுமனே ஏறுவது இருவருக்குமே துன்பம்.

படி 4: ஏறுவது

“ஒரே தாவலில்” என்பதற்கு வருவோம். முடியாதது அல்ல. இளவயது, வலுவான கால்கள், அசையாமல் நிற்கப் பழகிய, அதிக உயரமில்லாத குதிரை, பல மாதப் பயிற்சி எல்லாம் சேர்ந்தால் முடியும். கிரேக்கரான ஜெனபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் எழுதிய குதிரையேற்ற நூலில், ஈட்டியை ஊன்றித் தாவி ஏறும் முறையைச் சொல்கிறார். அங்கவடி இல்லாத காலத்தில் அது படைவீரனுக்கு அடிப்படைப் பயிற்சி.

மற்றவர்கள் எல்லாம் ஏதாவது ஒன்றின்மேல் ஏறி நின்றுதான் குதிரையேறினார்கள்: கல், திண்ணை, மதில், வண்டிச் சக்கரம், இன்னொருவரின் கோத்த கைகள். அதுவும் இல்லாவிட்டால், எம்பிக் குதித்து வயிற்றைக் குதிரையின் முதுகில் குறுக்கே போட்டு, மூச்சு முட்டக் கிடந்து, பிறகு ஒரு காலை வீசி நேராக வேண்டும். அழகில்லாத செயல். பகைவர்கள் கதவை உடைக்கும் நேரத்தில் அந்த அழகின்மைதான் வாசகரின் நெஞ்சைப் பிடிக்கும்.

சேணத்தோடு ஏறுவதிலும் கதைக்கு உதவும் ஒரு நுட்பம் உண்டு. வயிற்றுவாரை இறுக்கும்போது பல குதிரைகள் மூச்சை இழுத்து மார்பை உப்பிக்கொள்ளும். சற்று நடத்தியபின் வார் தளர்ந்துவிடும். மறுபடியும் இறுக்க வேண்டும். அவசரத்தில் இதை மறந்தவன் அங்கவடியில் காலை வைத்து ஏறும்போது, சேணம் சுழன்று குதிரையின் வயிற்றுப் பக்கம் போய்விடும். யாரும் சதி செய்யாமலே ஒரு சேணம் இப்படி ஒருவனைக் கீழே தள்ளும். பழகிய கைக்குச் சேணம் கட்டச் சில நிமிடங்கள் போதும். இருட்டில், நடுங்கும் கையோடு என்றால் அது நெடுநேரம்.

இடப்பக்கமிருந்து ஏறும் வழக்கத்துக்கு, வாள் இடையின் இடப்பக்கம் தொங்குவதைக் காரணமாகச் சொல்வார்கள். உங்கள் நாயகன் இடக்கைக்காரனாக இருந்தால், வலப்பக்கமிருந்து ஏற வருபவனைக் கண்டு புதுக்குதிரை மிரளும்.

படி 5: தொடை

இந்தப் படிக்காகத்தான் மற்றதை எல்லாம் எழுதுகிறேன் என்றாலும் தவறில்லை.

இரண்டு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில், நகரின் வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் குதிரையேற்றம் கற்கிறேன். எனக்குக் கற்றுத்தருபவர் கோலார் தங்கவயலைச் சேர்ந்த பெரியவர், தமிழ்தான் பேசுவார். ஆறு மாதம் சேணத்தில் ஓட்டியபின், மழை விட்ட ஒரு காலையில் அவர் சேணத்தைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு, “இன்று இப்படியே ஏறுங்கள் அம்மா” என்றார். குதிரை, பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற செம்பழுப்பு நிறப் பெண்குதிரை.

ஏறியதும் முதலில் தெரிந்தது சூடு. சேணத்தில் இருக்கும்போது குதிரை நமக்குக் கீழே எங்கோ இருக்கும். இங்கே அதன் சூடு காற்சட்டையைத் தாண்டித் தொடைக்கு வந்தது. அது மூச்சை இழுத்தபோது என் இரண்டு கால்களும் விலகின, விட்டபோது நெருங்கின. ஈ உட்கார்ந்த இடத்தில் அதன் தோல் துடித்தது என் முழங்காலுக்கு அடியில் தெரிந்தது. நடந்தது. ஒவ்வொரு பின்னங்கால் முன்னே வரும்போதும் என் இடுப்பின் ஒரு பக்கம் இறங்கி ஏறியது. வலக்காலா இடக்காலா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்ல முடிந்தது.

பிறகு ஓட்டத்துக்கு மாறியது. நான் வழுக்கினேன். பயத்தில், எல்லோரும் செய்வதையே செய்தேன்: தொடைகளால் இறுகப் பற்றினேன். குதிரை உடனே வேகத்தைக் கூட்டியது. இன்னும் இறுக்கினேன், இன்னும் ஓடியது. மூன்றாவது சுற்றில் தரையில் கிடந்தேன். குதிரை நின்று, திரும்பி என்னைப் பார்த்தது. பெரியவர் வந்து கைகொடுத்துத் தூக்கிவிட்டுச் சொன்னார்: “அவள்மேல் தவறில்லை அம்மா. ஓடு என்று காலால் சொன்னீர்கள், ஓடினாள்.”

கால் அழுத்தம்தான் குதிரைக்கு முன்னே போகச் சொல்லும் கட்டளை. தம்பியின் இளவரசன் தொடைகளால் இறுகப் பற்றியது, அவன் கேட்காத வேகத்தைக் குதிரையிடம் கேட்டதாகும். போதாததற்கு, உருண்டையான ஒன்றைத் தொடைகளால் நெருக்கினால், நெருக்கும் விசையே நம்மை மேலே பிதுக்கித் தள்ளும். ஈரச் சோப்புக் கட்டியைக் கையால் இறுக்கிப் பாருங்கள், அதே கதைதான்.

அப்படியானால் வெறும் முதுகில் எப்படித்தான் தங்குவது? காலைத் தொங்கவிட்டு. இடுப்பைத் தளர்த்தி, குதிரையின் அசைவு உடலுக்குள் வந்து போக வழிவிட்டு. நாற்காலியில் அமர்வதுபோல் அமரக்கூடாது, காலை அகட்டி நிமிர்ந்து நிற்பவனைப்போல் இருக்க வேண்டும் என்று மேலே சொன்ன ஜெனபோனும் எழுதியிருக்கிறார். முழங்காலுக்குக் கீழே கால் தளர்ந்து தொங்க வேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். தடுமாறினால் பிடரி மயிரை ஒரு கைப்பிடி பற்றிக்கொள்ளலாம்; கடிவாள வாரை இழுத்தால் குதிரையின் வாய்தான் கிழியும். பயந்தவன் இறுக்குகிறான், இறுக்கியவன் விழுகிறான். இந்தச் சுழல் ஒரு பாத்திரத்தின் குணத்தைச் சொல்ல எவ்வளவு உதவும் என்று எண்ணிப் பாருங்கள்.

மறுநாள் என்ன வலிக்கும் என்பதையும் எழுதுங்கள். உள்தொடைத் தசைகளும் அடிவயிறும். மூன்று நாளைக்குப் படியிறங்கும்போது கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். சேணத்தில் நெடுநேரம் இருந்தவருக்கு முழங்காலும் கணுக்காலும் வலிக்கும். உங்கள் பாத்திரம் எதில் வந்தான் என்பதை விடுதிக்காரி அவன் நடக்கும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம்.

படி 6: நடை நடையாக எழுதுங்கள்

குதிரைக்கு ஓட்டம் ஒன்றுதான் என்பதுபோல் எழுதுவது பெரிய இழப்பு. நம் நிகண்டுகளே குதிரையின் நடையை ஐங்கதி என்று பிரித்து, மயூரகதி, வானரகதி என்றெல்லாம் அழகான பெயர் வைத்திருக்கின்றன. பயிற்சிப் பள்ளியில் வாக், ட்ராட், கேன்டர், கேலப் என்பார்கள்.

நடை நான்கு தட்டு, அதாவது ஒரு சுற்றில் குளம்போசை நான்கு முறை கேட்கும்; மணிக்கு ஆறேழு கிலோமீட்டர். இதில் வெறும் முதுகு இன்பமானது. ட்ராட் என்னும் துள்ளோட்டம் இரண்டு தட்டு. மணிக்குச் சுமார் 12 முதல் 15 கிலோமீட்டர். வெறும் முதுகுக்கு இதுதான் நரகம். அங்கவடி இருந்தால் ஒரு தட்டுக்கு எழுந்து, அடுத்த தட்டுக்கு அமர்ந்து அதிர்ச்சியைத் தவிர்க்கலாம். இல்லாவிட்டால் முழு அதிர்ச்சியும் முதுகுத்தண்டில் ஏறும். கேன்டர் மூன்று தட்டு. ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடும். கேட்பதற்கு வியப்பாக இருக்கும், வெறும் முதுகில் துள்ளோட்டத்தைவிட இது எளிது. ஆகவே தப்பியோடும் லாயப் பையன் துள்ளோட்டத்தை விரைவாகக் கடந்து கேன்டருக்குத் தாவத்தான் பார்ப்பான்.

கேலப் என்னும் நாற்கால் பாய்ச்சல் மறுபடியும் நான்கு தட்டு. மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். இந்த வேகத்தில் குதிரை ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மூச்சுதான் விடும். அதுவும் மூக்கால் மட்டும். சில கிலோமீட்டருக்குள் களைத்துவிடும். “விடிய விடியப் பறந்தான்” என்பது நடக்காது, குதிரை செத்துவிடும். இரவு முழுவதும் போக வேண்டுமென்றால் நடை, துள்ளோட்டம், கொஞ்சம் இறங்கி நடத்திக் கூட்டிப்போவது, மறுபடியும் துள்ளோட்டம் என்று மாறி மாறி வர வேண்டும். நாளுக்கு 40, 50 கிலோமீட்டர் என்றால் நல்ல குதிரை நாள்கணக்கில் தாங்கும். தினமும் 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரும் வேண்டும்.

பாய்ச்சலில் அங்கவடி என்ன மாயம் செய்கிறது என்று நேரில் பார்க்க, பந்தயக் குதிரைகள் ஓடுவதைக் கவனியுங்கள். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஜாக்கியின் சேணம் மிக இலேசானது. அதில் அவர் உட்காருவதே இல்லை. அங்கவடியில் குந்தி நின்று, முழங்காலை வில்போல் வளைத்து நீட்டி, குதிரை மேலும் கீழும் போக, தான் மட்டும் ஒரே உயரத்தில் மிதப்பார். 1900ஆம் ஆண்டை ஒட்டி இந்தக் குந்திய நிலை பரவியபோது பந்தய நேரங்கள் 5 முதல் 7 சதவீதம் குறைந்தன. குதிரை ஒவ்வொரு பாய்ச்சலிலும் ஒரு மனிதனைத் தூக்கிப் போட வேண்டிய வேலை குறைந்ததே காரணம். வெறும் முதுகில் இருப்பவனால் இதைச் செய்யவே முடியாது. ஒரே மாதிரியான இரண்டு குதிரைகளில், ஒரே எடையுள்ள இருவர், ஒருவன் அங்கவடியோடும் ஒருவன் இல்லாமலும் போட்டியிட்டால் யார் பிடிபடுவார் என்பதில் ஐயமில்லை.

படி 7: போர்

அங்கவடி இல்லாமல் குதிரைமேல் போரிட முடியாது என்று உறுதியாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். அலெக்சாண்டரின் குதிரைப்படை அங்கவடி இல்லாமல் நீண்ட ஈட்டியோடு மோதியது. பழைய பாரசீகத்தை ஆண்ட பார்த்தியர்கள் அங்கவடி இல்லாமலே பாய்ந்து போகும் குதிரையில் பின்னால் திரும்பி அம்பெய்தார்கள். அங்கவடி வந்தபின் எழுந்து நின்று எய்யலாம், பக்கவாட்டில் சாய்ந்து வாளை வீசலாம், பிழை செய்தாலும் தப்பலாம். கனத்த ஈட்டியோடு மோதும்போது வீரனைப் பின்னால் தூக்கி எறியாமல் காப்பதில், சேணத்தின் உயர்ந்த பின்வரம்புக்கும் பெரிய பங்கு உண்டு.

வெறும் முதுகில் வாள் வீசும் காட்சி எழுதினால், வீச்சின் விசை உடலைத் திருப்பும், வாள் எதிலும் படாமல் போனால் அந்தத் திருப்பத்திலேயே அவன் சரிவான் என்பதை நினைவில் வையுங்கள். எறிவதும் எய்வதும் அவனுக்கு ஏற்றவை, கவசம் ஏற்றதல்ல. சேணத்துக்கும் தனக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு: விழும்போது கால் அங்கவடியில் சிக்கினால் குதிரை அவனைத் தரையோடு இழுத்துக்கொண்டு ஓடும். அதனால்தான் முன்பாதத்தை மட்டும் வைத்து, குதிகாலைத் தாழ்த்தச் சொல்கிறார்கள். வெறும் முதுகிலிருந்து விழுபவன் விழுந்த இடத்திலேயே கிடப்பான்.

படி 8: இரண்டாவது ஆள், மூட்டை, உடை

இளவரசியைப் பின்னால் ஏற்றுவது நம் கதைகளின் செல்லக் காட்சி. குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமக்கலாம் என்பது பொதுவான கணக்கு. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. சேணமும் இதில் அடங்கும். இரண்டு பெரியவர்கள் சேர்ந்தாலே அது தாண்டிவிடும். பின்னால் அமர்பவர் குதிரையின் இடுப்புக்கு மேல், விலா எலும்புகளின் தாங்கல் இல்லாத மெல்லிய இடத்தில் உட்காருகிறார். பழகாத குதிரை துள்ளி எறியும். ஆற்றைக் கடக்கும் வரை, கோட்டை வாயிலைத் தாண்டும் வரை என்று வையுங்கள். அதற்குமேல் ஒருவர் இறங்கி நடக்கட்டும். நடப்பவரும் ஏறியிருப்பவரும் பேசிக்கொள்ளும் உரையாடல், முதுகோடு ஒட்டிக்கொண்டு பேசுவதைவிடச் சுவையாக அமையும்.

வெறும் முதுகில் மூட்டை கட்ட இடமில்லை. தண்ணீர்த் தோற்பை, கம்பளி, கொள்ளுப் பை எல்லாம் ஏறியவரின் தோளில் தொங்க வேண்டும். ஓட்டத்தில் அடித்துக்கொண்டே வரும்.

உடை முக்கியம். சாதாரணமாகக் கட்டிய வேட்டியோடு யாரும் காலை அகட்டிக் குதிரையேற முடியாது. தார்பாய்ச்சிக் கட்ட வேண்டும். சேலையும் அப்படியே. வெறுந்தொடை குதிரையின் வியர்வையில் உராய்ந்தால், ஒரு மணி நேரத்தில் தோல் எரியும். குதிரை வியர்வை நுரைக்கும். அதிலுள்ள ஒரு புரதம் சோப்பைப்போல் வேலை செய்வதால், ஓடிய குதிரையின் தொடையிடுக்கிலும் கழுத்திலும் வெண்ணுரை திரளும். உங்கள் நாயகி இறங்கும்போது கால்களின் உட்புறமெல்லாம் நனைந்து, குதிரை மயிர் ஒட்டியிருக்கும். அரசவைக்கு அப்படியே ஓடி வந்தாளென்றால் ஒரு வார்த்தை பேசாமலே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

படி 9: யாளியும் சிறகுக் குதிரையும்

குதிரை ஏறுவதற்கு ஏற்ற விலங்காக இருப்பதற்குக் காரணங்களில் ஒன்று, ஓடும்போதும் அதன் முதுகு பெரிதாக வளையாமல் இருப்பது. பூனைக் குடும்பத்து விலங்குகளுக்கு முதுகு வில். ஒவ்வொரு பாய்ச்சலிலும் குனிந்து நிமிரும். வேலூர் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில், பின்னங்காலில் எழுந்து நிற்கும் குதிரைகளையும் யாளிகளையும் பார்த்திருப்பீர்கள். பெங்களூரிலிருந்து சென்னை போகும் வழிதான். இறங்கி ஒரு மணி நேரம் நில்லுங்கள். சிங்க உடல் கொண்ட யாளியின்மேல் கதாநாயகியை ஏற்றினால், மரச்சட்டம் கொண்ட விறைப்பான சேணம் அதன் முதுகில் தங்காது. வளையும் முதுகுக்கும் விறைத்த சட்டத்துக்கும் நடுவில் புண்தான் வரும். சிங்கத்தின் தோள்பட்டைகள் தளர்ந்த தோலுக்கு அடியில் வழுக்கி நகரும்; வயிற்றுவார் நிற்காது. வெறும் முதுகில், தோள்களுக்குப் பின்னால் படுத்தாற்போல் குனிந்து, பிடரியில் இரண்டு கையும் புதைத்துப் போவதுதான் வழி.

சிறகுக் குதிரைக்குச் சிறகு எங்கே முளைக்கிறது? பெரும்பாலான ஓவியங்களில் தோளில். ஏறுபவரின் முழங்கால் வரும் இடமும் அதுதான். சிறகுக்கு முன்னால் என்றால் கழுத்தின்மேல். பின்னால் என்றால் இடுப்பை நெருங்கி. வயிற்றுவாரோ சிறகை அடிக்கும் மார்புத் தசைகளின் மேல் குறுக்கே ஓடும். சிறகு இறங்கும்போதெல்லாம் வார் அறுக்கும். இதற்கு உங்கள் உலகத்துச் சேணக் கொல்லர் ஒரு விடை கண்டிருக்க வேண்டும். அந்த விடையை ஒரு பத்தியில் எழுதுங்கள். பறக்கும் குதிரையை நான் நம்பிவிடுவேன்.

படி 10: இப்போது அந்த மூன்று வரிகள்

தம்பி திருத்தி எழுதியது அவருடைய கதையில் வரும். நான் என் பங்குக்கு முயன்றது இது:

“லாயத்தின் உரல்மேல் ஏறி நின்றான் இளவரசன். குதிரை ஓரடி விலகியது. அருகில் இழுத்தான், மறுபடியும் விலகியது. மூன்றாம் முறை வயிற்றைக் குறுக்கே போட்டு, காலை வீசி, நேரானான். சேணம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் உயிர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பயத்தில் தொடைகள் தாமாக இறுகின. குதிரை சிலிர்த்து முன்னே பாய, பிடரியில் முகம் மோதியது. ‘காலை விடுங்கள் இளவரசே, தொங்கவிடுங்கள்’ என்றான் லாயக்காரர் மகன் இருட்டிலிருந்து. அவன் ஏற்கெனவே இன்னொரு குதிரையின் முதுகில், திண்ணையில் இருப்பவனைப்போல் இருந்தான். இளவரசி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.”

இதில் தாவல் இல்லை, பறத்தல் இல்லை. மூன்று பேர் இருக்கிறார்கள்.

கடைசிப் படி: லாயத்துக்குப் போங்கள்

நகரைச் சுற்றிப் பயிற்சிப் பள்ளிகள் பல இருக்கின்றன; ஒரே ஒரு வகுப்புக்குப் போனாலும் போதும். முழுக் காற்சட்டை, சிறிய குதிகால் வைத்த மூடிய காலணி, தலைக்கவசம். வெறும் முதுகில் முதல் நாளே ஏறாதீர்கள். பயிற்சியாளர் கயிற்றைப் பிடித்திருக்க, நடையில் மட்டும், அவர் சொல்லும்போது ஏறுங்கள்.

வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடாமல், சேணத்தைக் கழற்றும்வரை நில்லுங்கள். அடியில் முதுகு நனைந்து ஆவி பறக்கும். அந்த ஈரத்துக்கு நடுவில் எங்காவது காய்ந்த திட்டுத் தெரிந்தால், அங்கே சேணம் அளவுக்கு மீறி அழுத்துகிறது என்று பொருள். ஆண்டுக்கணக்கில் அப்படி அழுத்திய இடத்தில் மயிர் வெள்ளையாக முளைக்கும். மறுபடியும் நிறம் திரும்பாது. நான் ஏறும் செம்பழுப்புக் குதிரைக்குத் தோள்மேட்டின் இருபுறமும் கட்டைவிரல் அகலத்தில் இரண்டு வெள்ளைத் திட்டுகள் இருக்கின்றன. அவள் எங்கே ஓடினாள், யாரைச் சுமந்தாள் என்று பெரியவருக்கும் தெரியாது. தேய்த்துக் குளிப்பாட்டும்போது அந்த இரண்டு இடங்களை மட்டும் அவர் தூரிகையை வைத்துவிட்டு உள்ளங்கையால் துடைக்கிறார்.